பச்சைக்குப் பூஜ்யம், சிவப்புக்கு மூன்று

அன்று காலை கடலை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை முழுக்க மாவு என்பதால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன். "தங்கச்சி, பாய் போயிட்டாரும்மா" என்றார் கரீம் பாயின் மனைவி நூர்ஜஹான் அக்கா. காலைத் தொழுகை முடித்து வந்து நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். பிள்ளையாரப்பா என்று வாயில் வந்தது. அதற்கடுத்து வந்த வார்த்தையை உங்கள் ஆட்ட மலரில் அச்சுப் போட முடியாது. அது கடவுளைத் திட்டியது அல்ல, உங்களைத் திட்டியது.

நான் மைதானத்து வாசலில் போண்டாக் கடை வைத்திருக்கிறவள். பச்சைச் சட்டை காலேஜில் படித்தவர்கள், படிக்கிறவர்கள் எல்லோருக்கும் அத்தை. பச்சைக்கும் எதிர் காலேஜ் சிவப்புக்கும் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற கால்பந்து ஆட்டத்துக்கு நீங்கள் போடும் மலரில், கரீம் பாயைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். எட்டாவது வரை கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். நாலு வரியில் நிறுத்த அங்கே எனக்குச் சொல்லித் தரவில்லை.

தெரியாத புதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தேனாம்பேட்டைச் சந்தில் தையல் கடை வைத்திருந்தவர் பாய். இருபது வருஷத்துக்கு மேல் பச்சை டீமுக்குச் சட்டை தைத்தவர். என் கடையில் முதல் போண்டா பிள்ளையாருக்கு, இரண்டாவது பாய்க்கு. ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு ரஸ்க் டின்னை மேஜை மேல் வைப்பேன். யார் ஜெயிப்பார்கள், எத்தனை கோல் என்று எழுதி, பெயர் போட்டு, மடித்து உள்ளே போட வேண்டும். கடைசி விசில் ஊதிய பிறகுதான் பிரிக்கலாம். சரியாக எழுதினவருக்கு ஒரு தட்டு போண்டா. காசு பணம் கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவரே பாய்தான். அநேகமாக எல்லா வருஷமும் அந்தத் தட்டு அவர் கைக்குத்தான் போகும்.

எப்படி என்று கேட்டிருக்கிறேன். "நெனப்பு வேற, அளவு வேற தங்கச்சி. நெனப்புக்குத் தச்சா சட்டை பத்தாது" என்பார். சட்டைக்கு அளவெடுக்கும்போதே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். எவன் தொடை போன வருஷத்தைவிட இளைத்திருக்கிறது, எவன் ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறான், எவன் ஹாஸ்டலில் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று டேப்பை வைத்தே சொல்லிவிடுவார். நீங்களெல்லாம் பச்சை அஞ்சு, பச்சை ஆறு என்று எழுதுவீர்கள். அது ஆசை. அவர் எழுதியது ஸ்கோர்.

ஒரு வருஷம் பச்சை ஒரு கோலில் தோற்றது. பாய் சீட்டில் அப்படியே இருந்தது. பரிசுப் போண்டாவை அவர் தொடவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய், தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்கள் நடுவில் வைத்தார். பதினோரு பேருக்கும் டீ சொன்னார். "தோக்கப் போறவங்கிட்ட ஜெயிப்பன்னு சொல்றது சுளுவு. தோத்துட்டு வரும்போது டீ வாங்கித் தர்றதுக்கு ஆள் வேணும்" என்றார். அன்று அந்த டீயைக் குடித்தவர்கள்தான் இன்று கேலரியில் முன்வரிசையில் உட்காருகிறீர்கள்.

இனி போன வருஷத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனா எடுத்தேன்.

பச்சை ஜெயித்தால் பதினோரு தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாய் வந்தார், சீட்டைப் போட்டார். எப்போதும் ரெண்டு வார்த்தை பேசுகிற மனுஷன் அன்று போண்டாகூட வேண்டாம் என்று போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து டின்னைத் திறந்து அவர் சீட்டைப் பிரித்தேன். பச்சை பூஜ்யம், சிவப்பு மூன்று.

எண்ணெயில் போட்ட போண்டா கருகியதுகூடத் தெரியாமல் நின்றேன். எங்கள் ஊரில் கெட்டதை வாயால் சொன்னாலே பலித்துவிடும் என்பார்கள். இவர் எழுதியே வைத்துவிட்டார். என்ன பரிகாரம் என்று புத்தி ஓடியது. அந்த நேரம் பார்த்துப் பிரபு வந்தான். கேலரியில் மேளம் அடிப்பானே, பழைய மாணவன், அவன்தான். அவனிடம் சொன்னேன். "பாய் இப்படி எழுதியிருக்காருப்பா. நீங்க ஒரு இருபது பேர் நல்லதா எழுதிப் போடுங்க. நல்லது நெறைய விழுந்தா கெட்டது கரைஞ்சிடும்." அவனும் பயபக்தியோடு தலையாட்டினான். சாயங்காலத்துக்குள் டின் மூட முடியாத அளவுக்குச் சீட்டு. எல்லாம் பச்சை அஞ்சு, பச்சை ஏழு. ஒருத்தன் பச்சை பதினொண்ணு என்று எழுதியிருந்தான், என் தேங்காய்க் கணக்கைக் கேட்டுவிட்டானோ என்னவோ.

ஆட்டம் பூஜ்யம் மூன்றில் முடிந்தது. மூன்றாவது கோல் விழுந்தபோதே கேலரியில் எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு பாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். விசில் ஊதியதும் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா பாய், நம்ம டீம் தோக்கும்னு எழுதி வெச்சிட்டு இங்கயே வந்து குந்திக்கினு கீற?"

"ஸ்கோர்தாம்பா எழுதினேன்."

"ஆமா, சிவப்புக்காரன்கிட்ட எவ்ளோ துணி ஆர்டர் வாங்கின?"

"ஒன் வாயாலதான் போச்சு. இனிமே கிரவுண்டு பக்கம் வராத பாய். நீ வந்தா டீமுக்கு ஆவாது" என்றான் பிரபு. யாரோ இதையெல்லாம் வீடியோ எடுத்தான். அன்று சாயங்காலமே குரூப்பில் அது ஓடியது. பாயைக் குரூப்பிலிருந்து எடுத்தார்கள். சட்டை ஆர்டர் வேறு கடைக்குப் போனது.

பாய் அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து என்னை ஒரு தடவை பார்த்தார். டின் திறக்கும் முன்பே இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நாள் முழுக்கப் பேசுகிற வாய் இது, அந்த ஒரு நேரம் மட்டும் மூடிக்கொண்டது.

துக்கத்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். போன வருஷக் கோல்கீப்பர் தினேஷ் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அக்காவையும் என்னையும் பார்த்து அவனாகவே சொன்னான்.

"அளவெடுக்கறப்ப கைய மேல தூக்குடான்னாரு அத்தை. வலது கை தோளுக்கு மேல போகல. கோச்சாண்ட சொல்லிடாதீங்க பாய், டீம்ல இருந்து தூக்கிடுவாங்கன்னு கால்ல வுழுந்தேன். 'ஒன் தோளு, நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்'னாரு."

"நீ சொன்னியா?"

"இல்ல அத்தை."

"அப்புறம் அத்தனை பேரு அவரைப் பேசினப்ப?"

அன்று விழுந்த மூன்று கோலும் அவனுடைய வலது கைப் பக்கம் விழுந்தவை. பாய் அதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லார் வாயும் அடைத்துப்போயிருக்கும். ஒரு வருஷம் சொல்லாமலே இருந்துவிட்டுப் போயிருக்கிறார். அவனை அறையத்தான் கை எழுந்தது. அறைகிற யோக்கியதை என் கைக்கு இருக்கிறதா? டின்னைத் திறந்த கை இது. கீழே போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் மைதானத்துச் சுவரில் பேனர். பச்சைத் துண்டு போர்த்திய பாய் படம். "எங்கள் தீர்க்கதரிசிக்குக் கண்ணீர் அஞ்சலி." கீழே முதல் பெயர் பிரபு. எந்தக் கண்ணீர் என்று கேட்கிறேன். உயிரோடு இருந்தவரை உள்ளே வராதே என்றீர்கள், படத்துக்கு மட்டும் வாசலிலேயே இடமா? ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வராதே என்ற பிறகும் அவர் வந்தார். பின்பக்க பஸ் ஸ்டாப்பில் நின்று கம்பி வேலி வழியாக உங்கள் பிராக்டிஸைப் பார்த்துவிட்டுப் போனார். பத்தடி தூரத்தில் பிராக்டிஸ் செய்தவர்களில் ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதைத் துக்க வீட்டில் எனக்குச் சொன்னது நூர்ஜஹான் அக்கா.

சொல்லிவிட்டு என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். நாலாக மடித்து, பச்சை நூலால் கட்டியிருந்தது. "இந்த வருஷத்துக்கு. போன வாரமே எழுதிட்டாரு. தங்கச்சிகிட்ட குடுத்துடு, அவ டின்னுல போடட்டும்னாரு." டின்னைத் திறந்தவளிடமா கொடுப்பது என்று அந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா? அன்று அந்த வீட்டில் நான் அழுதது அதற்குத்தான்.

முந்தாநாள் பிரபு கடைக்கு வந்தான். "அத்தை, பாயோட லாஸ்ட் ஸ்கோரு, மலர்ல பெருசா போட்டா செம்மயா இருக்கும். பிரிச்சுக் காட்டேன்" என்றான். கரண்டியை ஓங்கியதும் போய்விட்டான். போகும்போது, "இன்னா அத்தை, நாம ஜெயிப்போம்னுதான எழுதியிருப்பாரு?" என்றான். இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கு அதுதான் கவலை.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. அவர் போட்ட சட்டம் ஒன்று, அவர் சீட்டு ஒன்று. சனிக்கிழமை ஆட்டத்தில் கடைசி விசில் ஊதும்வரை அந்த நூலை யாரும் அவிழ்க்க முடியாது, நான் உள்பட. டின்னைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டும் கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நானும் ஒன்று எழுதிப் போட்டிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று பிள்ளையாருக்குக்கூடச் சொல்லவில்லை.