நீலத் தட்டின் ஓரத்து ஒட்டு

"இது பழசு இல்லைங்க. புதுசா யாரோ பண்ணது," என்று, பழைய பீங்கான் வாங்க வந்திருந்த மதராஸ் டாக்டர் தட்டைக் கீழே வைத்தார்.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் அபு இக்காவின் பழம்பொருள் கடையில் எனக்கு டச்சப் வேலை. விரிசல் அடைப்பேன், போன சாயத்தை ஏற்றுவேன். அந்தத் தட்டு வைப்பின் தீவிலிருந்து வரும் ரோஸி சேச்சியுடையது. அவர் சமையல் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. நீல அச்சில் ஒரு கோட்டை முற்றுகை, பீரங்கியும் புகையுமாக. பின்னால், வெற்றியின் நினைவாக என்று இங்கிலீஷில் எழுத்து.

"மழைக்கு முன்னே ஓடு மாத்தணும் மோனே. போன வருஷம் கட்டில்ல குடை பிடிச்சுக் கெடந்தேன்," என்று சொல்லித்தான் விற்கக் கொடுத்திருந்தார்.

தட்டின் ஓரத்துப் பூக்கொடி ஓரிடத்தில் சேரவில்லை. இந்தப் பக்கம் பாதி இலை, அந்தப் பக்கம் பாதிப் பூ. எவனோ அரைகுறையாகச் செய்திருக்கிறான் என்று நினைத்தேன். எனக்கு அப்போதெல்லாம் கை சும்மா இருக்காது. யாரையும் கேட்காமல் நீல எனாமல் குழைத்துக் கொடியைச் சேர்த்துவிட்டேன். அபு இக்கா பார்த்துவிட்டு, "கொள்ளாம்டா," என்று மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "செப்புத் தகட்டுலேர்ந்து மெல்லிசு காகிதத்துல அச்செடுத்து, தட்டுல ஒட்டித் தேய்ப்பாங்க. ஓரத்துக்குத் துண்டு துண்டாத்தான் ஒட்ட முடியும். கடைசித் துண்டு சரியாச் சேராது. அந்த ஒட்டைத்தான் நான் முதல்ல தேடுவேன். இதுல அது இல்லையே."

"யாரும் கை வெக்காத சரக்கு," என்று அபு இக்கா அவரிடம் அப்போதுதான் அடித்துச் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்தால் அவர் மானம் போகும், என் வேலையும் போகும். மூடிக்கொண்டால் சேச்சிக்கு இந்த மழைக்கும் குடைதான்.

"நான்தான் சார் சேர்த்தேன்," என்றேன். பஞ்சில் தின்னர் நனைத்துத் துடைத்தேன். என் நீலம் முழுக்கப் பஞ்சில் வந்தது. பாதி இலையும் பாதிப் பூவும் மறுபடி தனித்தனியாக நின்றன. டாக்டர் அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார்.

அபு இக்கா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் சாயா மட்டும் எனக்கும் சேர்த்து வாங்கினார்.

ஓடு மாற்றிய பிறகு வந்த ரோஸி சேச்சியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்த எடம் எனக்கு நல்லாத் தெரியும் மோனே. எத்தனை தடவை கழுவியிருக்கேன். அந்த வெள்ளைக்காரங்க வீட்டுலயும் ஒண்ணு சேராம இருக்குதேன்னு மனசுக்கு ஒரு சமாதானம். அதை ஏன்டா அழிச்சே?"

அதிலிருந்து எந்தச் சாமான் வந்தாலும், பிரஷ்ஷைத் தொடும் முன் கொண்டுவந்தவரிடம் கேட்டுவிடுவேன்: "இந்தக் குறை இருக்கட்டுமா, எடுக்கவா?"