பெரிய எழுத்துக் கடிதங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் அடிக்கலாம் என்று வாங்கியது. அது அதிகம் உழைத்ததென்னவோ அப்பாவின் கடிதங்களுக்குத்தான். மஸ்கட்டில் இருந்த அண்ணன் மாதம் இரண்டு கடிதமாவது போடுவான். பொடிப்பொடியான கையெழுத்து. அப்பாவுக்கோ கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை குறைந்துகொண்டே வந்தது. அதனால் கடிதத்தை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டி, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பேன்.

வாசித்துக் காட்டட்டுமா என்றால் கோபம் வந்துவிடும். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் மனுவையெல்லாம் வாசித்தவர்.

"எம் மவன் எனக்கு எழுதுனத நான் வாசிக்கேன். நடுவுல நீ யாருலே?" என்பார்.

பெரிய எழுத்து மையைக் குடித்தது. ஒரு பக்கக் கடிதம் எட்டுத் தாளாகிவிடும். அடிக்கடி புது கார்ட்ரிட்ஜ் வாங்க வாத்தியார் சம்பளம் எங்கே காணும்? வண்ணார்பேட்டையில் மை பாட்டில் வாங்கி, மருந்துக்கடை ஊசியால் பழைய கார்ட்ரிட்ஜிலேயே ஏற்றுவேன். விரலெல்லாம் கறுப்பாகிவிடும். அதிலும் மிச்சம் பிடிக்க, மை குறைவாகச் செலவாகும் டிராப்ட் முறையில்தான் அடிப்பேன். எழுத்து சாம்பல் பூத்தாற்போல வரும். கஞ்சத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் அப்பா தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மங்கலா இருக்குலே."

"பிரிண்டர் தேஞ்சு போச்சுப்பா. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு."

முதல் பாதி பொய்யில்லை. தாளில் வெள்ளைக் கோடுகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் முந்தின மாதம்தான் கண் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, போன பார்வை திரும்பாது, இருப்பதும் அதிக நாள் நிற்காது என்று சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழியைப் பிரிண்டர் மேல் போட்டேன். அப்பாவும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மிஷின் சரியில்ல, மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு நானும் பாதி நம்பிவிட்டேன். படித்த முட்டாள்.

கடைசியில் அது மொத்தமாக மக்கர் பண்ணியது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"மை துப்புற ஹெட்டே போயிட்டு அண்ணாச்சி. இனி ஊசி போட்டுப் பிரயோசனம் இல்ல" என்றார் கடைக்காரர். அன்றைக்கே புதிது வாங்கினேன்.

அப்போது அண்ணனிடமிருந்து வந்திருந்த கடிதத்தைச் சிக்கனம் பார்க்காமல் அடித்தேன். கட்டைவிரல் தண்டி எழுத்து, கன்னங்கரேல் என்று. அப்பா முகம் கழுவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வரியில் விரலை வைத்தார். விரல் நகரவேயில்லை.

"புது மிஷின்தான?"

"ஆமாப்பா."

"மை நெறய இருக்கா?"

"நெறய இருக்குப்பா."

தாள்களை ஓரம் தட்டி அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"இனி மையப் பாழாக்காதலே. நீயே வாசி."

வாசித்தேன். பழைய பிரிண்டரையே எப்படியாவது ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாளைக்காவது அவர் மிஷினைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பார்.