தெங்கிலிங்குக்குப் பொரிகடலை

எங்கள் மாமாவுக்கு ஒரு வழக்கம். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். மோட்டார் சைக்கிள், வாஷிங் மெஷின், அம்மாவின் கைப்பேசி எல்லாம் சந்தனத்தோடுதான் எங்கள் வீட்டில் வாழ்க்கையைத் தொடங்கின. ஐஸ்பெட்டியில் வைத்த குங்குமம் இன்றும் போகவில்லை.

சித்தி அப்போது பல்கலைக்கழகத்தில் தெங்கிலிங் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் செதில் மூடி, எறும்பும் கரையானும் தின்று வாழும் பிராணி. மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பதைத் தமிழில் அழுங்கு என்பார்கள். செதிலுக்காகப் பிடித்து விற்றே அதை அருகிப்போகச் செய்துவிட்டார்கள், பாவிகள். குருண் ஊர்ப் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த மலையடிக் காட்டில் அது இன்னும் இருக்கிறது என்றாள் சித்தி. பேராசிரியர் நம்பவில்லை. எதிரே எது நடமாடினாலும் தானே படம் பிடிக்கும் கேமரா ஒன்றைக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் படம் விழாவிட்டால் கேமரா வேறு காட்டுக்குப் போய்விடும்.

ரப்பர் இலை உதிர்ந்து, மிதித்தால் அப்பளமாக நொறுங்கும் காலம். சித்தி கேமராவை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, "அண்ணே, யாரும் தூக்கிட்டுப் போயிடாம பாத்துக்கோங்க" என்று சொல்லி பஸ் ஏறினாள்.

மாமா பார்த்துக்கொண்டார். முதல் வெள்ளிக்கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு போய், மரத்தடியில் இலை போட்டு, பொரிகடலையும் வெல்லமும் படைத்து, எலுமிச்சம்பழம் வெட்டினார். காய்ந்த காடென்று சூடம் மட்டும் கொளுத்தவில்லை. பிறகு கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நெற்றி எது என்பதில் அவருக்குக் கொஞ்சம் குழப்பம். நடுவில் வட்டமாகப் பளபளவென்று ஒன்று இருந்தது. அதில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார்.

"இப்பதான் லட்சணமா இருக்கு லா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மாதக் கடைசியில் சித்தி வந்து மடிக்கணினியைத் திறந்தாள். படத்துக்குப் படம் ஒரே மஞ்சள். சித்தி அழுதுவிட்டாள். மாமாவுக்கு அக்கா என்ற உரிமையில் அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

சந்தனம் காய்ந்து ஓரத்தில் பெயர்ந்திருக்க வேண்டும். கடைசியாகப் பார்த்த படங்களில் ஒன்றின் மூலையில், செதில் செதிலாக ஒரு வால் தெரிந்தது.

"அண்ணே, வந்திருக்குண்ணே!" சித்தி அழுகையோடு சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "அங்க ஏதாச்சும் தின்ன வச்சீங்களா?"

"படைக்காம எப்படிம்மா கும்புடுறது?"

வெல்லத்துக்கு எறும்பு வந்திருக்கிறது. எறும்புக்குத் தெங்கிலிங் வந்திருக்கிறது. ஆசை காட்டி வரவழைத்த பிராணியின் படம் கணக்கில் சேராது என்பது ஆராய்ச்சிக்காரர்களின் விதியாம். "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் அம்மா. சித்தி பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். கேமரா போய்விட்டது.

மாமா மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமையும் பொரிகடலையும் வெல்லமும் எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார். அதற்கடுத்த வெள்ளியும் போனார்.

"கேமராதான் போச்சே மாமா, இன்னும் யாருக்கு வைக்கிறீங்க?"

"கேமரா போனது அதுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வந்து பாத்துட்டு ஏமாந்து போவும்ல."

சித்தி விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "உன் ஆளு நல்லா இருக்கான்" என்று மாமா அவள் காதில் போட்டுவைப்பார். அவர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தெங்கிலிங் மேல் எங்கள் மாமாவுக்கு எவ்வளவு பாசம் தெரியுமா என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன். தங்கையிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராத மனிதர்தான் எறும்புக்கு வெல்லம் வைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.