ஒரே பக்கமாகக் கிடந்த நாட்கள்

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு இறக்கும்போது லாரியிலிருந்து வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், “காலை அசைக்காதீங்க” என்றார். நானோ உடம்பையே அசைக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வேலையில் அப்படித்தான். கிரேன்காரர் அசையாதே என்றால் மூக்கு அரித்தாலும் சொறிய மாட்டோம்.

அது பாதிக் காரணம்தான். புரண்டு படுக்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். மகனோடு பேச்சுவார்த்தை இல்லை. பெட்பேன் வைக்க யாரையும் கூப்பிடக் கூசி, அரை வயிறு சாப்பிட்டேன். தண்ணீரையும் நாக்கு நனையத்தான் குடித்தேன். கூட யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம், “பையன் டீ குடிக்கப் போயிருக்கான்” என்பேன். வெட்கங்கெட்ட பொய்.

ஐந்தாம் நாள் அடிமுதுகு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, எம்.கே.பி. நகர்க்காரர், தன் புருஷனைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“இன்னா நைனா, வந்ததுலேர்ந்து மல்லாக்கவே படுத்துகினு கீறே?”

பதிலுக்குக் காத்திராமல் என்னையும் ஒருக்களித்துப் போட்டார். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். “தோலு கயண்டு கீது,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நர்ஸை அழைத்து வந்தார்.

நர்ஸ் பொரிந்து தள்ளினார். “உங்களுக்குச் சர்க்கரை வேற. ஆபரேஷன்லயே மணிக்கணக்கா ஒரே மாதிரி படுத்திருந்தீங்க. சரியா சாப்பிடல, தண்ணி குடிக்கல, திரும்பியும் படுக்கல. புண்ணு வராம என்ன செய்யும்? இது எலும்பு வரைக்கும் போயிடும். எங்க உங்க பையன்?”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டீ குடிக்கப் போய்க்கிறான்,” என்றார் அந்த அம்மா.

அன்று எனக்கு அழுகை வந்தது. அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவர் புருஷனைப் புரட்டும் கையோடு என்னையும் புரட்டினார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அவர்களுக்கு டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. வாயில் நன்றி வருவதற்குள் வார்டு வாசலுக்கு எதிரே லிஃப்ட் மூடிக்கொண்டது.

திருவொற்றியூரில் என் அறைக்குத் திரும்பிய பிறகும் புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. ஆட்டோவில் போய் டிரஸ்ஸிங் போட்டுக்கொள்வேன். எல்லாரும் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், கையுறை போட்டுக்கொண்டு. இப்போது நடக்கிறேன், வேலைக்கும் போகிறேன். வெறுங்கையால் என்னைக் கடைசியாகத் தொட்டவர் அந்த அம்மாதான்.