ஸ்பிரிட் கேன் இருந்த அறை

நாமக்கல் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த அந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரமே, ஆய்வகத்தை ஒட்டியிருந்த சின்ன அறையைத் திறந்து பார்த்தேன். ஸ்பிரிட் வாடை மூக்கில் அடித்தது. மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னலோரம், ஒரு மரத் தட்டில் ஸ்பிரிட் கேனும் அசிட்டோன், ஈதர் பாட்டில்களும் இருந்தன. அவற்றை இடித்துக்கொண்டு நைட்ரிக் அமிலம். கீழே கேஸ் சிலிண்டர். சுவரிலிருந்த ப்ளக்கில் யாரோ கொசு பேட்டைச் சார்ஜில் போட்டிருந்தார்கள்.

ஆய்வக உதவியாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எத்தனை வருடமாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன். தான் வந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்றார்.

"ஒண்ணும் ஆனதில்லைங்க டீச்சர்."

அடுத்த ஓராண்டு நான் மல்லுக்கு நின்றது இந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

அன்றே அமிலங்களை வேறு அலமாரிக்கு மாற்றினோம். கொசு பேட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரின் மேசையில் வைத்தேன். அது அவருடையதுதான் என்று பிறகு தெரிந்தது. இரும்பு பீரோ ஒன்று வேண்டும், சிலிண்டரை வெளியே வைக்க இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் பார்க்கலாம் என்றார்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது விலையில்லா நோட்டுப் புத்தகங்கள் வந்து இறங்கின. மற்ற அறைகள் ஒழுகும் என்று சொல்லி, கட்டுக்கட்டாக அவற்றை அந்தச் சின்ன அறையில் அடுக்கச் சொன்னார் தலைமை ஆசிரியர். சுமை தூக்குகிறவர்கள் முதல் கட்டோடு வந்தபோது நான் வாசலில் நின்றுகொண்டேன். அவர்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் அருகில் வந்தார்.

"டீச்சர், இது ஸ்கூல் ரூமுங்க. உங்க ஊட்டு ரூம் இல்லை."

"அதனாலதாங்க சார் சொல்றேன். என் ஊடா இருந்தா நான் ஒருத்திதான் எரிவேன்."

கட்டுகள் அவர் அறை வராந்தாவில் இறங்கின. மாலையில் என் கைக்கு மெமோ வந்தது. மேலதிகாரியின் சொல்லுக்குக் கீழ்ப்படியாதது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கும் என் கணவர், வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார். பேனாவை எடுத்தேன். ஆனால் எழுதியது நான்கு பக்கம். எந்தத் திரவத்தின் ஆவி எவ்வளவு எளிதில் பற்றும், அது காற்றைவிடக் கனமாகையால் தரையோடு ஊர்ந்து தூரத்து நெருப்பையும் எப்படித் தொடும் என்று பாடம் நடத்துவதுபோல் எழுதினேன். அந்த அறையில் காகிதம் வைக்க விடமாட்டேன், வைத்தே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் ஆணை தரவும் என்று முடித்தேன். அவர் எழுத்தில் தரவில்லை.

ஆசிரியர் அறையில் என்னோடு பேச்சு குறைந்தது. பெண்பிள்ளைக்கு இத்தனை வீம்பு ஆகாது என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். நான் டிபன் பாக்ஸைத் திறந்து முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

பெற்றோர் தன் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தோ என்னவோ, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரே இந்தப் பேச்சை எடுத்தார். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியின் அப்பா, டேங்கர் லாரி டிரைவர், அந்த அறையை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். கூட்டிப் போனேன். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். சட்டைப்பையிலிருந்த செல்போனை அணைத்தார். உள்ளே கால் வைக்கவில்லை. திரும்பி வந்து உட்காராமலே பேசினார்.

"ஏனுங்க சார், எங்க வண்டியில லோடு எறக்கறப்ப எர்த் கம்பி மாட்டாம வால்வத் தொட உட மாட்டாங்க. இங்க ப்ளக்குக்குப் பக்கத்துல கேன வெச்சு, காயிதக்கட்டையும் அடுக்கச் சொல்றீங்களே. எம்புள்ள அந்தச் செவுத்துக்கு இந்தாண்டதானுங்க நிக்கறா."

அதன் பிறகு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை, தலைமை ஆசிரியரிடம்தான் கேட்டார்கள்.

அந்த டிரைவருக்குத் தெரிந்த லாரி பாடி கட்டும் பட்டறையில் இரும்பு பீரோ செய்து வந்தது. சிந்தினால் வழியாதபடி ஒவ்வொரு தட்டுக்கும் விளிம்பு மடித்திருந்தார்கள். வெயில் படாத வடக்குச் சுவரோரம் வைத்தோம். ப்ளக்கை எடுத்துவிட்டார்கள். சிலிண்டர் வெளிச்சுவரில் கம்பிக் கூண்டுக்குப் போனது. இடம் மாற்றும்போது பின்வரிசையில் கண்ட பழைய ஈதர் பாட்டிலை மட்டும் யாரையும் தொட விடவில்லை; மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்த படிகம், திருகினாலே வெடிக்கக்கூடியது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் உரிய ஆட்களோடு வந்து எடுத்துப்போகும் வரை அறையைப் பூட்டியே வைத்திருந்தேன்.

தலைமை ஆசிரியர் ஓய்வு பெறும் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெமோவும் திரும்பப் பெறப்படவில்லை. என் கோப்பில் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

இப்போது மோகனூர்ப் பக்கம் வேறு பள்ளி. சேர்ந்த அன்று ஆய்வகத்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். தலைமை ஆசிரியையின் மோர்ச் சொம்புக்குப் பக்கத்தில் அசிட்டோன் பாட்டில் குளிர்ந்துகொண்டிருந்தது. பாட்டிலை வெளியே எடுத்தேன். அவர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். மோரை உங்கள் அறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பாட்டில் இனி எந்த ஃபிரிட்ஜுக்குள்ளும் போகாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மூடிய ஃபிரிட்ஜுக்குள் ஆவி தேங்கும், உள்ளே விளக்கு ஸ்விட்சின் ஒரு பொறி போதும் என்று, கேட்காவிட்டாலும் சொன்னேன்.