வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஒரு ஜெர்மனிக் கிரயம்

1. தட்டுக்குத் திரும்பிய பிரெட்

ஹாம்பர்க் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஹோட்டலில் காலைச் சாப்பாடு. எங்கள் முதலாளி பொன்னுசாமி பிரெட்டைக் கையில் எடுத்தவர் கடிக்காமல் கேட்டார்:

"தம்பி, இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளிங்க."

"கிரயம் எத்தன மணிக்கு?"

பத்தரை என்றேன். பிரெட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். குடோன் கிரயத்தை நடத்தித்தரும் நோட்டரி ஆபீஸ் ஃபேக்ஸில் அனுப்பிய நேரம் அது. நான் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டேன், கிழமையைப் பார்க்கவில்லை. ஷிப்மெண்ட் தேதியே பார்த்துப் பழகிய கண்.

நம் பனியன் கம்பெனியின் டாக்குமெண்டேஷன் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தக் கதையை டீக்கடையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் கதையில் முதலாளி நோட்டரிக்குத் திருநீறே பூசிவிட்டார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. நடந்தது இதுதான்.

2. ராயபுரத்து ஷெட்

எண்பதுகளில் முதலாளி நம் ஊர் ராயபுரத்தில் ஒரு வாடகை ஷெட்டில் கம்பெனி நடத்தினார். ஷிப்மெண்ட் நெருங்கிய நேரத்தில் ஷெட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்களை டிராக்டரில் ஏற்றி, அவிநாசிபாளையத்தில் தன் தோட்டத்து மாட்டுச் சாளையில் இறக்கி, மாடு ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கமாகத் தைத்தார்களாம். சரக்கு லேட். ஆர்டர் கொடுத்திருந்த பையர் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. அன்றிலிருந்து வாடகை என்ற சொல்லே முதலாளிக்கு ஆகாது.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளில். பல்லடத்தில் என் அப்பா தறி ஓட்டினார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கம்பெனிக்கு இங்கிலீஷ் கடிதம் எது வந்தாலும் என்னிடம் வரும். ஒருநாள் ஜெர்மனி பையரிடமிருந்து ஒன்று வந்தது. ஹாம்பர்க் பக்கம் சொந்தமாகக் குடோன் வைத்து எப்போதும் பனியன் ஸ்டாக் வைத்திருந்தால், சீசனுக்கு மட்டும் இல்லாமல் வருடம் முழுவதும் ஆர்டர் தருவதாக எழுதியிருந்தார். ஆஃப் சீசனில் மெஷின்கள் சும்மா நிற்கும், டெய்லர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தக் குடோன் கிடைத்தால் யாரும் போக வேண்டியதில்லை.

வாடகைக்கு நல்ல குடோன்கள் இருந்தன. முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நண்பர்கள் பயமுறுத்தினார்கள். வெளிநாட்டில் நமக்கு மண் தரமாட்டார்கள், லீசுதான், இல்லையென்றால் அந்த ஊர்க்காரர் ஒருத்தர் பேரில் வாங்க வேண்டும் என்றார்கள். சில நாடுகளில் அப்படித்தான். பல மாதம் எழுதிக் கேட்டு நான் தெரிந்துகொண்டது, ஜெர்மனியில் எந்த நாட்டுக்காரரும் தன் பேரிலேயே, கட்டடத்தையும் அடியில் இருக்கிற மண்ணையும் சேர்த்து வாங்கலாம், அரசாங்கப் பதிவேட்டிலும் அந்தப் பேரே ஏறும் என்பது. நம் பக்கம் ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டியிருந்தது; அதுவும் ஒருவழியாக வந்தது. அப்படியும் முதலாளி வாரம் ஒருமுறை கேட்பார்: "தம்பி, நெசமாவே நம்ம பேருக்கே வருமா?"

3. எந்த ஊர்க் கடியாரம்

ஹோட்டலிலிருந்து ஊருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் முதலாளியம்மா சொன்னது எனக்கும் கேட்டது. ராகு காலத்தில் பேனாவைத் தொடவே கூடாது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "முதலாளி, இங்க பத்தரைன்னா நம்ம ஊர்ல மத்தியானம் ரெண்டுங்க. நம்ம ஊர்க் கணக்குக்கு ராகு காலமே இல்லீங்க."

"சரி. முடியறதுக்குள்ள மூணு தாண்டீருமில்ல? வெள்ளிக்கிழம மூணுக்கு மேல என்ன?"

எமகண்டம். அதுவும் ஆகாத நேரம்தான்.

"மண்ணு எங்க கெடக்குதோ அந்த ஊர்க் கடியாரந்தான் தம்பி" என்று முடித்துவிட்டார்.

தள்ளிப்போடவும் முடியாது. நோட்டரி அன்று எங்களுக்கு ஒதுக்கியது அந்த ஒரு நேரம்தான். குடோனை விற்கிறவர் பட்டன் வியாபாரம் செய்து ஓய்ந்த பெரியவர். மாலை ரயிலில் குடும்பத்தோடு லீவுக்குப் போகிறார். இன்று இல்லையென்றால் வரிசையில் நிற்கிற அடுத்த பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார்.

எங்களைக் கூட்டிப் போக வந்த மொழிபெயர்ப்பாளர் மனோன்மணி அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். வழியில் காரில் அவர் அந்த நாட்டு வழக்கத்தைச் சொன்னார். நோட்டரி முழுப் பத்திரத்தையும் இரண்டு தரப்புக்கும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதை மனோன்மணி அம்மா தமிழில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

முதலாளி முன்னால் சாய்ந்தார். "நடுவுல கேள்வி கேக்கலாங்களா அம்மிணி?"

"கேக்கலாம் ஐயா. கேட்டால் அவர் விளங்கப்படுத்தத்தான் வேணும்."

முதலாளி சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலையில் அவர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

4. வண்டித்தடம்

நோட்டரி சீராக, மந்திரம் சொல்வதுபோலப் படித்தார். பன்னிரண்டு வரை இழுக்க வேண்டுமே, முதல் கேள்விகள் என்னுடையவை: டெலிவரி தேதி, இன்சூரன்ஸ், டாக்ஸ். பதினொன்றரைக்கு முன்பே என் சரக்கு தீர்ந்துவிட்டது. படிப்பு மறுபடி வேகம் எடுத்தது. அடுத்த சில பக்கங்கள் முடிந்தால் பேனா வந்துவிடும்.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? வேலி யாருடையது? பக்கத்து மரத்தின் இலை நம் பக்கம் விழுந்தால் யார் கூட்டுவது? தோட்டம் வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிறவை. மனோன்மணி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். விற்கிறவர் அடிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டரி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ரசித்துப் பதில் சொன்னார்.

"பக்கத்துக் காட்டுக்காரருக்கு இதுக்குள்ள வண்டித்தடம் இருக்குதுங்களா?"

பக்கத்து நிலத்துக்காரருக்கு இதன் வழியே போகிற உரிமை உண்டா என்று மனோன்மணி அம்மா மொழிபெயர்த்ததும் விற்கிறவர் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நோட்டரி அடுத்துப் படிக்க இருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினார். இருந்தது. பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரர் எந்த நேரமும் அந்த முற்றத்தின் நடுவில் டிராக்டர் ஓட்டலாம். பழைய பதிவு, விற்ற பிறகும் செல்லும். கண்டெய்னர் வந்து நிற்க வேண்டிய இடமும் அதே நடுமுற்றம். நம் பேருக்கே வரும், மண்ணோடு வரும், ஆனால் லாரியை நிறுத்த முடியாது.

விற்கிறவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஏமாற்ற நினைக்கவில்லை, டிராக்டர் அறுவடைக்கு மட்டும்தான் வரும், அதனால் மறந்தே போனது என்றார். பொய்யாகத் தெரியவில்லை.

மனோன்மணி அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஐயா, நீங்கள் நேரம் போக்கிறதுக்குக் கேட்டனீங்களோ, தெரிஞ்சுதான் கேட்டனீங்களோ?"

"ரெண்டுந்தானுங்க அம்மிணி. தடம் கேக்காம எங்கூர்ல ஆரும் காடு வாங்கறதில்லீங்க."

நோட்டரி அந்தத் தோட்டக்காரருக்குப் போன் செய்தார். மனிதர் சேறு படிந்த பூட்ஸோடு வந்து சேர்ந்தார். முதலாளி பேனாவைத் தொடாமல் என் பென்சிலை வாங்கி, ஒரு தாளில் முற்றத்தைப் போட்டு, நடுவில் போன தடத்தை அழித்து, வேலியோரமாக அதே அகலத்துக்குக் கோடு இழுத்துக் காட்டினார். தோட்டக்காரர் பார்த்தார், ஓரிடத்தில் விரல் வைத்து வளைவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். டிராக்டர் திரும்ப வேண்டுமே. முதலாளி "அது நாயந்தானுங்க" என்றார். இருவரும் கை குலுக்கிய பிறகுதான் மனோன்மணி அம்மா மொழிபெயர்க்க ஆரம்பித்தார்.

புதுத் தடத்தையும் பத்திரத்தில் சேர்த்து டைப் அடித்து, அதையும் வாய்விட்டுப் படித்து முடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டி நன்றாகவே ஆகியிருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து தான் படிப்பதைக் கடைசி வரி வரை கேட்டவர் இவர் ஒருத்தர்தான் என்று நோட்டரி சொன்னார். முதலாளி அதை ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொன்னார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அன்று மாலை முதலாளி குடோன் முற்றத்தில் தன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு எல்லையைச் சுற்றி நடந்தார். குளிர் தாங்காமல் பாதி எல்லையிலேயே திரும்பிவிட்டார். "மிச்சத்த வெயில் காலத்துல பாத்துக்கலாம் தம்பி. எங்க போயிரப் போவுது? நம்மளுதுதான?"

தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பாங்க் எல்.சி. ஆகட்டும், அக்ரிமெண்ட் ஆகட்டும், நம் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குள் வேறு யாருக்கு வழி இருக்கிறது என்றும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வருகிற எந்தப் பேப்பரையும் நான் பன்னிரண்டுக்கு முன்னால் முதலாளி மேசைக்கு அனுப்புவதில்லை. எனக்கும் பக்தி வந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்படுகிறார். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் அந்தப் பேப்பருக்குள் தடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.