அட்டை விலை

என் தங்கையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லு என்று யாராவது கேட்டால், முதல் மூன்றைத் தாராளமாகச் சொல்வேன். உழைப்பாளி. சுத்தக்காரி. கலகலப்பானவள். நாலாவதுக்கு வரும்போதுதான் பேச்சை மாற்றிவிடுவேன்.

என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்குப் பத்து வயது, எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக வாசலில் வந்து நின்றவளை என் வீட்டுக்காரர்தான் உள்ளே கூப்பிட்டார். "இனிமே இது உன் வீடு. நல்லா சாப்பிடு, நல்லா படி, அக்காகிட்ட திட்டு வாங்காம இரு. மூணாவதுதான் கஷ்டம். நானும் முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். அவர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். அவருடைய சீட்டுக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை எட்டு வருஷம் அவளுக்கென்றே இருந்தது. அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சின்னவ என்பார்.

நான் வைத்த பெயர் ஓட்டைவாய். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் தெருவில் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். அவள் டீச்சருக்குப் பரிசாக ஒரு கப் செட் கொடுத்தனுப்பினேன். "இது எங்க அக்காவுக்கு யாரோ குடுத்தது டீச்சர், ஒரு கப்போட கைப்பிடி ஒட்டவெச்சது, பாத்துக் குடிங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் திசைக்கே போகவில்லை.

முதல் வேலை துணிக்கடையில். அங்கே துணியில் தொங்கும் சீட்டில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. வரி, பைக்குக் காசு, நீளம் குறைத்துத் தைக்கக் காசு என்று கடைசியில்தான் ஒவ்வொன்றாக ஏறும். இவள் சும்மா இருப்பாளா? வாங்க வந்தவர்கள் காதோரம் போய், "இந்த விலைய நம்பாதீங்க, கவுண்ட்டர்ல இன்னும் ஏறும்" என்று மொத்தத்தையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாள். நாலாவது மாதம் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தவளுக்கு என் வீட்டுக்காரர் அன்றைக்கே ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். "உண்மையச் சொன்னதுக்கு வேலை போச்சுன்னா அது நஷ்டமே இல்ல சின்னவளே" என்றார். எனக்கும் பெருமைதான். நான் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். துணி, தையல், கம்பி, வந்து மாட்டிக் கொடுக்கும் கூலி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகத்தான் சொல்வேன். கேட்டதும் பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். அங்கே கடைசியில் நான் சொன்னதைவிட அதிகம் கொடுத்துவிட்டு, அதை என்னிடம் வந்து சொல்லவும் வெட்கப்படுவார்கள். போகட்டும், அது என் தலைவலி.

அப்புறம்தான் காது மெஷின் விற்கும் கடையில் சேர்ந்தாள். பெரிய கடை, வெள்ளை விளக்கு, கண்ணாடி அலமாரி. நாலு வருஷத்தில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். அந்தச் செய்தியோடு மாமாவுக்கு ஒரு சட்டையும் எனக்கு ஒரு கைப்பையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"எப்படிடி இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டேன்.

"நான் ஒரு யோசனை சொன்னேன் அக்கா. முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"என்ன யோசனை?"

"அதெல்லாம் கடை விஷயம். சொல்லக் கூடாது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓட்டைவாய்க்கு மூடி போட ஒருவன் வந்துவிட்டான் என்று அவரிடம் சத்தமாகச் சொன்னேன். சத்தமாகத்தான் சொல்ல வேண்டும். அதற்குள் அவருக்குக் காது மந்தமாகி ஐந்தாறு வருஷமாகிவிட்டது. தலை வலிக்கிறதா என்று நான் அவரைக் கேட்டால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். நாங்கள் எந்நேரமும் சண்டை போடுகிறோம் என்று தெருவில் ஒரு பேச்சே உண்டு.

பஸ்ஸில் அவர் எப்படியோ சமாளித்துவந்தார். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காது, கண்ணாடியைப் பார்த்துக்கொள்வார். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எல்லா டிரைவர்களுக்கும் காது பரிசோதனை வைத்தார்கள். இவர் தேறவில்லை. ஒரு மாதம் அவகாசம், இரண்டு காதிலும் மெஷின் போட்டுக்கொண்டு வந்து மறுபடி தேறினால் பஸ், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனிதர். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சாவிய வாங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டார். அதற்கு முன்னால் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் முதலில் போனது எங்கள் தெருமுனைக்கு அடுத்து இருக்கும் சின்னக் கடைக்கு. அங்கே ஒரு காதுக்கு இருபத்து மூவாயிரம் என்று பலகையில் எழுதி, எல்லாம் உட்பட, இதற்கு மேல் எதுவும் கிடையாது என்று கீழே போட்டிருந்தார்கள். தங்கைக்கு போன் செய்தேன்.

"அங்கயா போன? எங்க கடையில அதே ரகம் இருபதாயிரம் அக்கா. ரெண்டு காதுக்கு ஆறாயிரம் மிச்சம். எதுக்கு தண்டம் அழற? நான் இருக்கேன்ல, மாமாவ கூட்டிட்டு வா."

நான் இருக்கேன்ல என்று சொன்ன பிறகு எனக்கு வேறு என்ன வேண்டும்? போனோம். கண்ணாடிக்குப் பின்னால் மெஷின், பக்கத்தில் வெள்ளை அட்டை, அதில் இருபதாயிரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இவளே அவர் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்யவைத்தாள். காதுக்குள் மெழுகு மாதிரி எதையோ வைத்து அச்சு எடுத்தார்கள். முன்பணம் பத்தாயிரம் கட்டினேன். வீட்டுக்கு வந்து என் கழுத்துச் சங்கிலியை விற்றேன். முன்பணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மொத்தம் நாற்பத்தேழாயிரம் தேறியது. நாற்பது போக மீதி ஏழில் அந்த மாதத்தை ஓட்டிவிடலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி போனோம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த கெடுவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அவளே மாட்டிவிட்டாள். "மாமா, அக்காவோட வெளிய ஒரு நடை நடந்துட்டு வாங்க" என்றாள்.

வாசல் படி இறங்கியதும் வழக்கம்போல, "பாத்து இறங்குங்க" என்று கத்தினேன்.

அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "ஏன் இப்படிக் கத்துற?" என்றார்.

ஆறு வருஷம் இந்த மனிதருக்காகக் கத்திக் கத்தித்தான் என் தொண்டையே இப்படியாச்சு, கேள்வியைப் பார். ஆனால் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மெதுவாக, "கேக்குதா?" என்றேன். "கேக்குது. உன் குரல் மாறவே இல்ல" என்றார். தெருவில் போகிற சைக்கிள், கடை ஷட்டர், என் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றையும் நின்று நின்று கேட்டார். பின்னால் ஒரு கார் வந்தது. திரும்பிப் பார்க்காமலே ஒதுங்கி வழிவிட்டு, எப்படி என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். பஸ் எங்கள் கைக்குத் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை வாசலிலேயே விட்டுவிட்டு நான் பணம் கட்ட உள்ளே போனேன். கவுண்ட்டரில் புதிதாகச் சேர்ந்த பெண். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நீட்டிய பில்லில் ஐம்பத்து நாலாயிரம் என்று இருந்தது.

"வேற யாரோடதோ குடுத்திட்டம்மா" என்றேன்.

"இல்லைங்க, உங்களுதுதான். அட்டையில இருக்கிறது மெஷின் விலை மட்டும். பரிசோதனை, அச்சு, பொருத்துறது, வரி எல்லாம் தனி."

"அதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"முதல்ல சொன்னா பாதிப் பேர் எழுந்து போயிடுறாங்க. அதனால இப்பல்லாம் முதல்ல காதுல மாட்டிவிடணும், வெளிய ஒரு நடை நடக்கவிடணும், அப்புறம்தான் பில். காது கேட்டுட்டா யாருக்கும் கழட்ட மனசு வராது. எங்க மேடம் கொண்டுவந்த முறை" என்று அந்தப் பெண் பெருமையாக மோவாயால் காட்டினாள். அவள் காட்டிய பக்கம் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

போய் அவள் கையைப் பிடித்து அலமாரிக்குப் பின்னால் இழுத்தேன்.

"உனக்குத் தெரியுமாடி? அன்னைக்கு போன்ல இருபதுன்னு சொன்னப்பவே தெரியுமா?"

அவள் பொய் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "தெரியும்" என்றாள். "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் அக்கா. முழு விலையப் போட்டா யாரும் உள்ளயே வரமாட்டாங்க. வெளிய கம்மியா போட்டவன் கடைக்குத்தான் போவாங்க. உள்ள இருக்கிறவங்க யாரும் மொத்தத்த முன்னாடியே சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பு. மத்தவங்ககிட்ட சொன்னா என் வேலை போயிடும்."

"நான் மத்தவளாடி?"

வாயை மூடிக்கொண்டாள். எந்த வயதிலும் மூடாத வாய். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க" என்றாள்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். மறந்துவிட்டேன் என்றோ பயந்துவிட்டேன் என்றோ சொல்லியிருக்கலாம். அந்த மாதம் அவள் விற்றுக் காட்ட வேண்டிய எண்ணிக்கையில் அவருடைய இரண்டு காதும் சேர்த்தி. கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன், கழுத்தை அறுத்துவிட்டாள்.

"மீதிய நான் போடறேன் அக்கா, மாசாமாசம் குடு" என்றாள்.

"உன் காசு எனக்கு வேணாம். கழட்டி எடுத்துக்க."

திமிர்தான். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றிருந்தால் அவருக்கு பஸ் இருந்திருக்கும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

அவரை உள்ளே கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தார். "சின்னவளே, ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. பெற்ற பிள்ளையாய் வளர்த்தவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

"அளவு சரியா பொருந்தலையாம். கழட்டணுமாம்" என்றேன்.

அந்த மெஷினில் அவர் கேட்ட கடைசி வார்த்தை என் பொய். அவள் விரல் நடுங்காமல் ஒவ்வொரு காதாகக் கழற்றினாள். தினமும் செய்கிற வேலைதானே.

பரிசோதனைக்கும் அச்சுக்கும் ஒன்பதாயிரத்தைப் பிடித்துக்கொண்டு, முன்பணத்தில் ஆயிரத்தைத்தான் திருப்பித் தந்தார்கள். கையில் முப்பத்தெட்டாயிரம். சின்னக் கடையில் நாற்பத்தாறு வேண்டும். இன்னும் எட்டாயிரம் கேட்க எனக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவள்தான். அவளிடம் நான் கேட்கவில்லை. தங்கை கடையில் வேறு அளவு வருவதற்குள் கெடு தாண்டிவிடும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு காதுக்கு மட்டும் இருபத்து மூன்று கொடுத்து வாங்கினேன். பலகையில் போட்டிருந்ததற்கு மேல் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காதோடு போனவரைப் பள்ளிக்கூடத்தில் தேறவில்லை என்றுவிட்டார்கள். மூன்று மாதம் சும்மா உட்காரவைத்து, அப்புறம் பாவம் பார்த்து அதே பஸ்களைக் கழுவும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பாதிச் சம்பளம். அவருடைய பஸ்ஸை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். மத்தியானம் அது வந்து நின்றதும் இவர் குழாயை எடுத்துக்கொண்டு போவார்.

மீதிப் பணம் அந்த மூன்று மாதத்தில் கரைந்தது. நான் அவளோடு பேசுவதில்லை. அவர் பேசுவார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது, அவளும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மெஷின் இருக்கும் காதில் போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். வைத்ததும் முகமெல்லாம் மலர்ச்சியாக என்னிடம் வந்தார்.

"சின்னவ எவ்வளவு நல்ல மனசு தெரியுமா? இன்னொரு காதுக்கும் போட்டுட்டா மறுபடி பரிசோதனைக்குப் போகலாம், பஸ் கிடைச்சாலும் கிடைக்கும்ங்கிறா. நான்தான் எவ்வளவு ஆகும்னு கேட்டேன்."

கையில் இருந்த திரைச்சீலையை மடியில் வைத்தேன். "என்ன சொன்னா?"

"இருபதாயிரம்தானாம்" என்றார்.